கிளவுட் ஆப்பை வீட்டு சர்வருக்கு மாற்றப் போறீங்களா?

1. புது சர்வர் வாங்கக் கிளம்பாதீங்க, பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பே தாராளம். பேட்டரி நல்லா இருந்தால் கரண்ட் போனாலும் அணையாது, யூபிஎஸ் செலவு மிச்சம் (உப்பிப்போன பேட்டரி என்றால் உடனே கழற்றிடுங்க). உபுண்டு போட்ட கையோடு, மூடியைச் சாத்தினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றி, காற்றோட்டமான ஓரமாக வைத்துவிடலாம்.

2. அமேசான் கிளவுடிலிருந்து மாதம் 100 ஜிபி வரை வெளியே இறக்கக் காசு கிடையாது. படம், வீடியோ அதிகம் இருந்தால் மாசக் கடைசியில் பாதி, 2-ஆம் தேதிக்கு மேல் மீதி என்று இறக்குங்க. ஆப்பின் வழக்கமான டிராஃபிக்கும் இதே கணக்கில்தான் சேரும், பார்த்துக்கோங்க.

3. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் என்றால், கிளவுடில் எந்த வெர்ஷன் என்று முதலில் பாருங்க. நம்மிடம் உள்ள டம்ப் கருவி அதைவிடப் பழசாக இருந்தால் எடுக்கவே மறுத்துவிடும்.

4. டேட்டாவோடு வாடிக்கையாளர்களின் மெயில் முகவரியும் போன் நம்பரும் சேர்ந்தே வரும்! சோதனை ஓட்டம் முடியும்வரை எஸ்எம்எஸ், பேமென்ட் சாவிகளை எல்லாம் டெஸ்ட் சாவிகளாக மாற்றி வையுங்க. மெயிலுக்கு மெயில்பிட் என்ற இலவச மென்பொருள் இருக்கு; ஆப் அனுப்புவதை எல்லாம் வெளியே விடாமல் பிடித்து நமக்கு மட்டும் காட்டும்.

5. லேப்டாப்பில் திறக்குது, போனில் திறக்கலையா? ஆப் 127.0.0.1-ல் காது கொடுத்துக்கொண்டிருக்கும், 0.0.0.0 என்று மாற்றினால் சரியாகிடும். ரூட்டரில் லேப்டாப்புக்கு ஒரே ஐபியை ஒதுக்கிவிட்டால் தினம் முகவரி தேட வேண்டாம்.

6. கிளவுடில் நேரம் பெரும்பாலும் யுடிசி கணக்கில்தான் ஓடும். நம் ஊர் ராத்திரி 2 மணிக்கென்று அங்கே 20:30 போட்டு வைத்த பேக்கப், இந்திய நேரத்தில் ஓடும் லேப்டாப்பில் முன்ராத்திரி 8:30-க்கே கிளம்பிவிடும். நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியலை (கிரான்) ஒருமுறை சரிபாருங்க.

7. ஆப்பை டாக்கரில் ஓட்டினால், அதன் லாக் தானாக நிற்காது, டிஸ்க் நிறையும்வரை வளரும். ஃபைலுக்கு 10 எம்பி, 3 ஃபைல் என்று வரம்பு போட்டால் போதும்.

8. எல்லாம் ஒழுங்காக ஓடி, பேக்கப்பும் கையில் வந்த பிறகு கிளவுடைக் காலி பண்ணுங்க. மெஷினை நிறுத்தினால் மட்டும் போதாது; கடையைப் பூட்டினாலும் வாடகை ஓடுவது மாதிரி டிஸ்க்குக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பில் வரும். 2024 பிப்ரவரியிலிருந்து அமேசானில் பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட், சும்மா கிடந்தாலும் மாசம் சுமார் 3.60 டாலர். அதையும் மறக்காமல் விடுவித்துவிடுங்க.