ஏரிக்கரையும் மாநகரமும்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் பெரியோர். ஒரு தெருவினர் மட்டும் வடம் பிடித்தால் தேர் நகராது. ஒரு பெருநகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் சேர்ந்து திட்டமிடுவதும் இத்தகையதே. இப்பாடத்தை நாம் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

ஏரியும் பாடும்

மகிமை மாதா திருத்தலத்தால் நம்மில் பலர் அறிந்த பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. ஆற்று நீரும், முகத்துவாரத்தின் வழியே வரும் கடல்நீரும் கலப்பதாலேயே இங்கே மீனும் இறாலும் நண்டும் செழிக்கின்றன.

ஏரியில் வலை கட்டுவதற்கு ஏற்ற இடங்கள் சிலவே. அவற்றிற்காகச் சண்டையிடாமல், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் 'பாடு' என்னும் முறையைத் தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். ஊர்கள் முறை வைத்துக்கொள்ளும். ஊருக்குள் சீட்டுப் போட்டு இடங்களைப் பங்கிடுவர். ஒரே இடம் என்றும் ஒருவருக்கே உரியதன்று. ஆனால் பாட்டில் உரிமை பெறாத பிற மீனவர் வெளியே நின்றமையால் பூசல்களும் எழுந்ததுண்டு. கூட்டத்தில் இடம் பெறாதவர் மனத்தில் குறை தங்கும் என்பதையும் இதிலிருந்து அறிகிறோம்.

நகரின் தேவைகள்

மாநகரின் தேவைகள் அதன் எல்லையோடு நிற்பதில்லை. மீஞ்சூர் வட்டாரத்தில் நகரின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேளாண்மைக்கும் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. அதனால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாயின. 2010-ஆம் ஆண்டில் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. எண்ணூர்ப் பகுதியில் அனல்மின் நிலையங்களும், 2001 முதல் புதிய துறைமுகமும் இயங்கின. விளக்கு நகரில் எரிந்தது. நிலக்கரிச் சாம்பலோ எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது.

எண்ணூரையும் பழவேற்காட்டையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கசிந்த எண்ணெய், கொசஸ்தலை ஆற்றின் முகத்தில் பரவி எண்ணூர் மீனவரின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது அல்லவா?

சட்டம் காட்டும் வழி

1974-இல் சட்டபூர்வ அமைப்பான சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் திட்டமிட்டு வந்தது. 2022-இல் அப்பரப்பு 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. எல்லை விரிந்தால் மட்டும் போதாது. அதற்குள் வாழ்வோரின் குரலும் கேட்கப்பட வேண்டும்.

நம் அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் (1992) இதற்கு வழி வகுத்துள்ளது. 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் பெருநகரப் பகுதிக்குத் திட்டக்குழு ஒன்று அமைய வேண்டும். அதன் உறுப்பினருள் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதோர், நகராட்சி உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுத்தவராக இருத்தல் வேண்டும். நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்தல், சுற்றுச்சூழலைக் காத்தல் ஆகியவற்றை அக்குழு கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பாட்டு முறையின் உட்கருத்தும் இதுவே அன்றோ!

முடிவுரை

முகத்துவாரம் எப்போது மணலால் தூர்ந்துபோகும், இறால் குஞ்சு எங்கே வளரும் என்பனவற்றை வரைபடத்தைவிட நன்கறிந்தவர் ஏரிக்கரை மக்கள். திட்டம் தீட்டுமுன் அவர்களைக் கேட்பது உதவியன்று, அவர்களது உரிமை. நாளை நம்முள் சிலர் பொறியாளராகலாம், ஆட்சியராகலாம், ஊராட்சித் தலைவியும் ஆகலாம். அன்று நாம் அமரும் கூட்டத்தில் குப்பத்தினருக்கும் ஓர் இருக்கை உண்டா என்று முதலில் பார்ப்போமாக. நகரும் ஊரும் சேர்ந்து வடம் பிடித்தால் தேர் நிலைக்கு வந்து சேரும்.