லென்ஸின் பெயர் படத்துக்குள் இருக்கிறதா?

“எந்த லென்ஸில் எடுத்தோம் என்பது ஃபைலிலேயே இருக்கும், தனியாக எதற்குக் குறித்து வைப்பது?” கேமரா வைத்திருக்கும் பலரும் நம்புவது இது. பாதிதான் சரி. ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ போன்றவற்றைக் கேமரா எக்ஸிஃப் தகவலாகப் படத்தோடு சேர்த்துவிடுகிறது. ஆனால் 1995இல் வந்த அந்தத் தரநிலையில், லென்ஸ் பெயருக்கென்று தனி இடம் 2010இல் 2.3ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் லென்ஸ் விவரத்தைத் தன் போக்கில், பெரும்பாலும் ஓர் எண்ணாக எழுதிவந்தது.

“மென்பொருள் காட்டும் பெயர் தப்பாது” என்பதும் இங்கேதான் உடைகிறது. கேனன் மவுண்டுக்கு சிக்மா, டாம்ரான் செய்த பல லென்ஸ்கள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் இதை நேர்மையாகக் கையாள்கிறது. தீர்மானிக்க முடியாதபோது இதுவா அதுவா என்று இரண்டு மூன்று பெயர்களையும் காட்டிவிடும்.

பெரிய இழப்பு பழைய மேனுவல் லென்ஸ்களில்தான். ஹீலியோஸ் 44-2 லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினால், பாடியோடு பேச அதில் மின்தொடர்பே கிடையாது. அபெர்ச்சர் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யமோ கோடோதான் நிற்கும். சிப் வைத்த சில அடாப்டர்கள் இன்னும் மோசம்: தமக்குள் எழுதியிருக்கும் 50 எம்எம்மையே எந்த லென்ஸுக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். நிக்கான் டி750 போன்ற பாடிகளில் சிப் இல்லாத ஒன்பது லென்ஸ்கள் வரை குவியத் தூரத்தையும் அதிகபட்ச அபெர்ச்சரையும் பதிந்து வைக்கலாம். அருமையான வசதி. ஆனால் 105ஐக் கழற்றி 50ஐ மாட்டிவிட்டு மெனுவில் எண்ணை மாற்ற மறந்தால், அன்று முழுக்க எல்லாப் படத்திலும் 105 என்றே பதிவாகும். வெறுமையாக விட்டிருந்தால்கூடப் பின்னால் சந்தேகமாவது வந்திருக்கும். தப்பான தகவல் அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது.

“படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்” என்பவர்களுக்கு ஓரளவு துணை உண்டு. அபெர்ச்சரை எஃப் 16க்குச் சுருக்கித் தெருவிளக்கை எடுத்த படத்தில் ஒளிக்கதிர்களை எண்ணுங்கள். பிளேடுகள் ஒற்றைப்படையானால் கதிர்கள் இரட்டிப்பாகும். இரட்டைப்படையானால் அதே எண்ணிக்கை. கேனனின் பழைய 50 எம்எம் எஃப் 1.8 இரண்டாம் பதிப்புக்கு ஐந்து பிளேடு, பத்துக் கதிர். 2015இல் வந்த எஸ்டிஎம்முக்கு ஏழு, பதினான்கு கதிர். விளக்கே இல்லாத பகல் படத்தில் என்ன செய்வது?

ஆகவே குறித்து வையுங்கள். லென்ஸ் மாற்றியதும், அதன் பெயர் எழுதிய துண்டுச்சீட்டை முதல் படமாக எடுங்கள். வீட்டில் கணினிக்கு மாற்றும்போது, அடுத்த சீட்டு வரும்வரை உள்ள படங்களுக்கெல்லாம் அந்தப் பெயரைக் கீவேர்டாகச் சேர்த்துவிடலாம். எக்ஸிஃப்டூல் தெரிந்தவர்கள் லென்ஸுக்கான இடத்திலேயே எழுதலாம். இதை வெட்டிவேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கத் தொடங்கினால், அந்த லென்ஸின் படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்து எந்த மாதத்திலிருந்து என்று கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

இன்னொன்று: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் கழன்றுவிடும். லென்ஸ் விவரம் போய்ச்சேர வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.