ஆய்வுக்குப் புறப்பட்டிருக்கும் மகளுக்கு

ஈப்போ



கோவிட் தொற்றின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்டப்புறப் பிள்ளைகள் இயங்கலையில் பாடம் கற்ற விதத்தையும், அதே நாட்களில் அவர்களுடைய குடும்பத்தார் கைப்பேசித் திரையில் கோயில் பூஜைகளைத் தரிசித்த விதத்தையும் ஒருசேர ஆராய்ந்து நீ எழுதியிருக்கும் நகலை நிதானமாக வாசித்தேன். சமூகம், சமயம், கல்வி என்று பண்டிதர்கள் தனித்தனியே பிரித்து வைக்கும் விஷயங்களை ஒரே வீட்டின் ஒரே கைப்பேசிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறாய். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஆய்வை யாரோடு, எந்த வரிசையில், எவ்வளவு பகிர்ந்துகொள்வது என்று நீ கேட்டிருக்கும் கேள்வி இன்னும் பல இளைஞர்களுக்கும் இருக்கக்கூடுமாதலால், எல்லோரும் வாசிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு உன் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேரேனும் வசிக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டுமென்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்துக்கு இணங்கப் பள்ளிகளும் தோன்றின. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை, ஆசிரியர் என்பவர் ஓரளவு எழுத்தறிந்த கங்காணி அல்லது கிராணி. பள்ளி இருந்தது என்பதற்கும் படிப்பு நடந்தது என்பதற்கும் இடையே எத்தனை தூரம் என்பதை நம் முன்னோர் அநுபவத்தில் அறிந்திருந்தார்கள். 2020 மார்ச் 18ஆம் தேதி கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபின் ஆசிரியர்கள் அனுப்பிய பாடங்களுக்கு எத்தனை பிள்ளைகள் பதிலளித்தார்கள் என்ற உன் கணக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தகப்பனோடு காலையில் வேலைக்குப் போய், பொழுது சாய்ந்து வீடு திரும்பும் ஒரு கைப்பேசிக்காக மூன்று பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருந்த வீட்டில், அந்தப் பதில் எந்த நேரத்தில், யாருடைய கையால் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னாலொழிய, அது பழைய கொட்டகைப் பள்ளிக் கணக்காகவே நின்றுவிடும்.

இனிப் பகிர்வதைப் பற்றி. லயமும் கோயிலும் பள்ளியும் பிரட்டுக்களமும் கூப்பிடு தூரத்தில் அமைந்திருந்த தோட்ட வாழ்க்கை இப்போது இல்லை. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தோற்றுவித்தார் என்பதை நீ அறிவாய். அப்படியும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. புந்தோங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிதறிப்போன சனங்களை ஆண்டுக்கொருமுறை மாரியம்மன் திருவிழாவுக்கு அழைத்து, வரி திரட்டி, உபயம் பிரித்து, யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது என்பது வரையில் பேசவைப்பது இன்று ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு. இறந்துபோன தோட்டம் அந்தக் குழுவில் இன்னும் குடியிருக்கிறது என்று சொன்னால் அது அதிகமில்லை.

அப்படிப்பட்ட குழுவுக்குள் யாரோ ஒரு மாமாவின் சிபாரிசால் நீ சேர்க்கப்பட்டிருக்கிறாய். அங்கே எழுதப்படுவதையெல்லாம் உன்னால் வாசிக்க முடிகிறது என்ற ஒரே காரணத்தால் அது தரவாகிவிடாது. 2021ஆம் ஆண்டுத் தைப்பூசத்தன்று கல்லுமலைக்குக் காவடிகள் செல்லாதிருந்தபோது, நேர்த்திக்கடன் நின்றுபோன துக்கத்தை ஒரு தாய் அந்தக் குழுவில் கொட்டியிருந்தால், அவள் தன் தோட்டத்துச் சனங்களிடம் பேசினாளேயன்றிச் சமூகவியலிடம் பேசவில்லை. குழுவை நடத்துகிறவர் தலையசைத்தது போதாது. அந்தத் தாயிடமே போய், இந்த வாக்கியத்தை நான் எடுத்தாளலாமா என்று தமிழில் கேட்கவேண்டும். பல்கலைக்கழகத்தின் சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து இருக்கலாம். படிவம் எந்த மொழியில் இருந்தது என்பதையும் யோசித்துக்கொள்.

ஊர்ப்பெயரை மாற்றிவிட்டேன் என்று நீ எழுதியிருப்பதும் எனக்கு முழுத் திருப்தி அளிக்கவில்லை. மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் அறுபதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டுத் தோட்டம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டி 1970இல் நூலாக்கினார்; நூல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பதே அந்தப் புனைபெயருக்குப் பாதிக் காவலாயிற்று. உனக்கு அந்தத் தூரம் இல்லை. செம்பனை ஆலைக்கு அருகில், புளியமரத்தடியில், முனீஸ்வரர் சந்நிதி என்று நீ எழுதினால், எந்தக் கோயில், அதன் தலைவர் யார், அவரோடு வழக்காடுகிறவர் யார் என்பது மறுநாளே குழுவில் சுற்றும். (வழக்கில்லாத கோயில் நிர்வாகம் எங்காவது இருந்தால் அதைத் தனியே ஆராயலாம்.) பெயரை மாற்றுவதோடு நில்லாமல், ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறிப்புகளையும் கலைத்துவிடு, கலைத்திருப்பதாக முன்னுரையில் சொல்லியும் விடு.

தனிநாயகம் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டியபோது, தமிழைப் பற்றிய ஆராய்ச்சி உலகத்தார் கண்ணில் படவேண்டுமென்பது அவருடைய பெருங்கவலையாக இருந்தது. அக்காலத்துக்கு அது உசிதமே. நம்மைப் பற்றிய ஆராய்ச்சி நம் கண்ணில் படவில்லையே என்பது என் கவலை. ஆகவே ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்புமுன், முடிவுகளைத் தமிழில் பத்துப் பக்கமாகச் சுருக்கி, அந்தக் கோயில் மண்டபத்தில் வாசித்துக் காட்டு. திருவிழா இரவில் போகாதே. அன்று ஒலிபெருக்கிக்கும் அன்னதானத்துக்கும் இடையில் எல்லோரும் உன்னைப் பாராட்டிவிடுவார்கள். திருவிழா முடிந்து வரவுசெலவுக் கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்குப் போ. சண்டை போடத் தயாராக வந்திருக்கும் சனங்கள் உன் பிழைகளையும் தயங்காமல் சொல்வார்கள்; அவர்கள் மறுத்ததை மறுப்பாகவே ஒரு பின்னிணைப்பில் அச்சிடு. பள்ளி நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடு. குரல்பதிவுகளையும் குழுச் செய்திகளையும் மட்டும், மற்ற ஆய்வாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும், பொதுக் களஞ்சியத்தில் ஏற்றாதே.

மூன்றாம் இயலை அச்சுக்கு அனுப்புமுன், எத்தனை வீடுகளில் கைப்பேசி தாயின் வசம் இருந்தது, எத்தனை வீடுகளில் தகப்பனோடு வெளியே போயிற்று என்று பிரித்துக் காட்டும் அட்டவணை ஒன்றை எனக்கு அனுப்பி வை. பூஜை பார்த்த நேரமும் பாடம் படித்த நேரமும் அதிலேயே பக்கத்துப் பக்கத்து நிரல்களில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் பழைய தமிழாசிரியன்