உயிர்ப் பகுப்பும் உடற் பகுப்பும்

மேனாட்டு அறிவியலார் உயிர்ப்பொருள்களைப் பெரும் பிரிவுகளாக வகுத்து, அவற்றை உலகங்கள் என வழங்குவர். அப்பகுப்புக் காலந்தோறும் மாறுதல் கண்டு 'நிலையில்லாக் கல்வி' என இகழ்வாரும், 'நம் முன்னோர் கூறியதே இது' எனப் பெருமை கொள்வாரும் நம்மவருள் உளர். இவ்விருவர் கூற்றும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சுவீடன் நாட்டு லின்னேயர் 1735இல் உயிர்ப்பொருள்களை விலங்கு, நிலைத்திணை என இரண்டாக்கினார். நுண்ணோக்காடியிற் புலப்பட்ட சிற்றுயிர்கள் இவ்விரண்டனுள் அடங்காமையின், செருமானியராகிய எக்கேல் 1866இல் மூன்றாவதோர் உலகம் வகுத்தார். 1969இல் அமெரிக்கராகிய விட்டேக்கர் ஐந்தாக்கிக் காளானை நிலைத்திணையினின்றும் பிரித்தார். அது கதிரொளியால் உணவு ஆக்காது, புறத்துள்ளதைக் கரைத்து உறிஞ்சி வாழ்தலின் என்க. 1977இல் வோசு, பாக்சு என்னும் இருவர், உயிரணுவினுள் உள்ள ரைபோசோமின் கூறுகளை ஒப்பிட்டுப் பாக்டீரியா எனக் கருதப்பட்டவற்றுட் சில முற்றும் வேறினம் எனக் கண்டனர். 1990இல் வோசும் அவர்தம் துணைவரும் உலகங்களுக்கு மேலாக மூன்று பெரும்பிரிவுகளை வகுத்தனர்.

இவற்றாற் காளான் மாறிற்றில்லை. அதனைக் காணும் கருவியே மாறிற்று. பெத்தநிலையிற் கருவியின் அளவே ஆன்மாவுக்கு அறிவு விளங்கும் என்பது நம் துணிபாகலின், கருவி நுண்ணிதாந்தோறும் பகுப்புத் திருந்துதல் குற்றமன்று.

இனி, தொல்காப்பிய மரபியல் அறிவின் வகையால் உயிரை ஆறாகப் பகுத்தது. சைவநூல்கள் தோற்றவகையால் நான்காகவும், பிறப்புவகையால் ஏழாகவும் பகுத்தன. அறிவியலார் பகுப்போ உடலமைப்பும் மரபுத்தொடர்பும் பற்றியது. அடிப்படை வேறாயவற்றை எண்ணளவில் ஒப்பிடுதல், பொன்னை எடையாலும் நெல்லை மரக்காலாலும் அளந்து, எண் ஒத்தன என மகிழ்தலோடு ஒக்கும். வேர்வையிற் றோன்றுவதாகக் கொள்ளப்பட்ட பேன் முட்டையினின்றே தோன்றுதல் இன்று யாவரும் அறிந்தது. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையுமன்று.

அற்றேல், சித்தாந்தத்துக்கு இஃது இழுக்காகாதோ எனின், ஆகாது. என்னை? உயிர்க்கு நம் ஆசிரியர் கொண்ட வகை மலம்பற்றி விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூன்றாம். அறிவியலார் கூறும் உலகங்கள் யாவும் சகலர் எடுக்கும் உடம்புகளுட் சிலவற்றின் விரிவேயாம். உடம்பு மாயாகாரியம், அதன் வகையைக் காட்சியால் ஆராய்ந்து திருத்துதல் அவர்க்குரியது. அவ்வுடம்பில் நின்று வினை நுகரும் உயிரின் இயல்பு கூறுதல் நம் நூற்குரியது.

மடங்களிற் பாடஞ் சொல்வோர் இவ்வெல்லையைத் தெளிவுற உணர்த்துவராயின், பள்ளியில் அறிவியல் பயின்று வரும் மாணாக்கன் இரண்டனுள் ஒன்றைக் கைவிட வேண்டுவதில்லை. உணர்த்தாராயின், அவன் கைவிடுவது யாதென்பது நாம் அறியாததன்று.