புயலும் இழுப்பு நோயும்

உணவின்றிச் சில வாரமும், நீரின்றிச் சில நாளும் உயிர் தரித்திருத்தல் கூடும்; காற்றின்றிச் சில நிமிஷமும் கூடாது. அக்காற்றே பகையாய் மாறிய ஒரு மாலைப் பொழுதைக் குறித்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்பர்ன் நகரில் பகலெல்லாம் கடும் வெப்பம். ஏறக்குறைய 35 டிகிரி. மாலையில் இடியோடு கூடிய புயல் வீசிற்று. வெம்மை தணிந்ததென மகிழற்குரிய அவ்வேளையில் மூச்சுத் திணறல் பரவலாயிற்று. இரண்டு நாளைக்குள் அதன்பொருட்டு வைத்தியசாலைகளை அடைந்தோர் தொகை, வழக்கத்தினும் 3,000-க்கு மேல் மிகுந்தது. பதின்மர் மாண்டனர். நோயுற்றோருட் பலர் அதற்குமுன் இழுப்பென்பதையே அறியாதவர்.

இதன் காரணம் யாது? வசந்த காலத்தில் அந்நகர்ப்புறத்து மேய்ச்சல் வெளிகளில் ரைப்புல் பூக்கின்றது. அதன் மகரந்தத் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முப்பதிலொரு பங்கு அளவினது. ஆதலின் அதனை நாசியே தடுத்துவிடும். தும்மலும் மூக்கு நீரும் உண்டாகுமேயன்றிச் சுவாசப்பை அதனை அறியாது. புயலோ அத்துகளை மேகத்துட் கொண்டு செல்கின்றது. ஆண்டு ஈரத்தால் அது பருத்து வெடித்து, நூற்றுக்கணக்கான நுண்ணிய மாப்பொருள் மணிகளாய்ச் சிதறுகின்றது. கீழிறங்கும் குளிர்காற்று அவற்றை மனிதர் மூச்சுவிடும் மட்டத்திற் கொணர்ந்து பரப்புகின்றது. நாசியைக் கடந்து சிறு சுவாசக் குழாய்களை அவை அடைய, குழாய்கள் சுருங்கி மூச்சு அடைபடுகின்றது. இவ்வாறே அறிஞர் கருதுகின்றனர்.

நம்மவர் கவனிக்கத்தக்க செய்தியொன்று உளது. நோயுற்றோருள் இந்தியா, இலங்கை முதலிய ஆசிய நாட்டு மரபினர் பங்கு மிகுதி. புதுநாட்டிற் குடியேறிச் சில ஆண்டு அப்புல்லின் துகளைச் சுவாசித்த பின்னரே உடல் அதனை ஒவ்வாதெனக் கொள்வதும் உண்டு.

இத்துயரம் உலக வெப்ப மாறுதலினால் மட்டுமே நேர்ந்ததென்று கூறத் துணியோம்; 1987-லும் 1989-லும் அந்நகரில் இத்தகையது நிகழ்ந்துள்ளது. ஆயினும், நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதனால், முன்னாளில் வாயுமண்டலத்திற் பத்து லட்சத்தில் 280 பங்காயிருந்த கரியமிலவாயு 420-க்கு மேற்பட்டுவிட்டது. அதுவே செடிகட்கு உணவாதலின், மகரந்தமும் பெருகுகின்றது. வட அமெரிக்காவில் 1990 முதல் 2018 வரை ஆராய்ந்ததில், மகரந்தப் பருவம் 20 நாள் முந்தித் தொடங்குவதும், மகரந்தம் நூற்றுக்கு 21 பங்கு மிகுந்ததும் புலனாயின.

2017 முதல் விக்டோரியா மாகாண அரசினர் அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய இப்புயல் நோய்க்கு முன்னறிவிப்பு வெளியிட்டு வருகின்றனர். அறிவிப்புள்ள நாளிற் புயல் எழுமுன் கதவடைத்து உள்ளிருத்தலும், இழுப்புள்ளவர் மருந்தைக் கையில் வைத்திருத்தலும் வேண்டுமென்பர். மாண்ட பதின்மர்க்கு அத்தகைய அறிவிப்புக் கிடைத்திலது.