அளவுக் கணிப்புத் துறையில் பட்டதாரியின் முதற்படி

பள்ளிக் கட்டடமாயினும் பாலமாயினும், வரைபடம் மட்டும் இருந்தால் வேலை நடவாது. எத்தனை கன மீட்டர் மண் தோண்டுவது, எவ்வளவு கான்கிரீட் இடுவது, முடிந்த வேலைக்கு எவ்வளவு பணம் வழங்குவது ஆகியவற்றை வரையறுத்தாக வேண்டும். இதுவே அளவுக் கணிப்பாளரின் பணி. பிரிட்டனில் இது தனித்தொழிலாக வளர்ந்தது. நம் நாட்டிலோ பெரும்பாலும் சிவில் பொறியாளர்களே இதனை மேற்கொள்கின்றனர்.

வாய்ப்புகள்

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954-இல் தொடங்கப்பெற்றது. அதன் பொறியியல் கல்லூரி 1959-இல் உருவாயிற்று. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமைந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து பெரும்பகுதி பிரிந்து, 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரத்துப் பட்டதாரி, மாநிலத் தேர்வாணையத் தேர்வெழுதி உதவிப் பொறியாளராகலாம். ஒப்பந்த நிறுவனத்தில் பட்டியல் தயாரிக்கும் பொறியாளராகவும் சேரலாம். தேவஸ்தானத்திற்கும் தனிப் பொறியியல் பிரிவு உண்டு.

அளவும் விதியும்

எங்குச் சேர்ந்தாலும் முதலில் கற்க வேண்டியது, ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தர நிர்ணயம். ஓர் எடுத்துக்காட்டு: 10 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவருக்கு இருபுறமும் ஒரே வகைப் பூச்சு. பரப்பு 60 சதுர மீட்டர். அதில் 2.1 சதுர மீட்டர் வாயில் உள்ளது. 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு புறம் மட்டுமே கழிக்க வேண்டும். திறப்பின் பக்க விளிம்புகளில் பூசும் பூச்சைத் தனியே சேர்ப்பதில்லை. ஆகவே சரியான அளவு 57.9. விதியறியாதவர் இருபுறமும் கழித்து 55.8 என்று எழுதுவார். இத்தகைய நூறு சுவர்களில் 210 சதுர மீட்டர் வேலைக்குரிய பணம் விடுபட்டுப்போகும்.

மண் வேலையிலும் எச்சரிக்கை வேண்டும். தோண்டிய மண் பொலபொலத்துப் பருமன் கூடும். லாரியில் ஏறிய மண்ணை அப்படியே கணக்கிட்டால், அரசு கூடுதல் பணம் கொடுக்க நேரும். எனவே குழியையே அளப்பது முறை.

பொறுப்பு

முதற்பிழையால் ஒப்பந்ததாரர் இழக்கிறார். அந்நட்டம் தொழிலாளியின் கூலியையும் தாக்கக்கூடும். இரண்டாம் பிழையால் மக்களின் வரிப்பணம் வீணாகிறது. இவ்விரண்டிற்கும் காவலாக நிற்பது அளவுப் புத்தகம். அதில் பக்கங்களுக்கு எண் உண்டு, எழுதியதை அழித்தெழுதலாகாது, தவற்றை அடித்து, திருத்திக் கையொப்பமிட வேண்டும். கணினிப் பதிவு பரவியுள்ள இக்காலத்திலும் இந்நெறி மாறவில்லை. தவறான அளவை இட்டால், கணினியும் தவறான தொகையையே தரும்.

ஆதலின், புதிய பட்டதாரி அலுவலக மேசைக்கு முன்னர்ப் பணியிடத்தை நாட வேண்டும். மூடப்படவிருக்கும் அடித்தளத்தையும் கம்பிக்கட்டையும், கான்கிரீட் இடுமுன் நேரில் அளந்து பதிய வேண்டும். பிறகு அவற்றைக் காண இயலாது. நாடா பிடித்து அளந்த அனுபவமே, பின்னாளில் மதிப்பீடும் ஒப்பந்தப்புள்ளியும் தயாரிப்பதற்கு உறுதியான அடித்தளமாகும்.