ஹார்லெமின் நடன அரங்கில் பிறந்த உலக சாம்பியன்கள்

கேள்வி: என் மகள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். இருவரும் சேர்ந்து என்பிஏ ஆட்டங்களைத் தவறாமல் பார்ப்போம். என்பிஏ-வில் கறுப்பின வீரர்கள் முதன்முதலாக ஆடியது 1950-ல்தான் என்று படித்தோம். அதற்கு முன்பு அவர்களுக்குத் தொழில்முறை அணி எதுவும் இல்லையா? வேடிக்கை காட்டும் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் மட்டும்தானா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இருந்தது. அதுவும் சாதாரண அணி அல்ல, ஒரு காலத்தில் உலகத்திலேயே சிறந்த அணி. நியூயார்க் ரெனைசான்ஸ் என்பது முழுப்பெயர். எல்லோரும் ‘ரென்ஸ்’ என்பார்கள். குளோப்டிராட்டர்ஸின் பெயரில்தான் ஹார்லெம் இருக்கிறது, அந்த அணி உருவானது சிகாகோவில். ஹார்லெமிலேயே பிறந்து வளர்ந்தது ரென்ஸ்தான்.

அதைத் தொடங்கிய பாப் டக்ளஸ், கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர். கூடைப்பந்தின் மேல் பித்து. அமெச்சூர் அணி ஒன்றை நடத்தி வந்தவருக்கு, நிரந்தரமாக ஆட ஓர் இடம் தேவைப்பட்டது. ஹார்லெமின் ஏழாவது அவென்யூவில் ரெனைசான்ஸ் கேசினோ என்ற நடன அரங்கம் இருந்தது. அதன் உரிமையாளர் வில்லியம் ரோச்சும் கரீபியன்காரர், கறுப்பினத்தவர். அரங்கத்தின் பெயரை அணிக்கு வைத்துக்கொள்வது, பதிலுக்கு அங்கேயே ஆடிக்கொள்வது என்று ஒப்பந்தம். 1923 நவம்பர் 3 அன்று முதல் ஆட்டம். 28–22 என்று ஜெயித்தார்கள். வழவழவென்ற நடனத் தரைதான் ஆடுகளம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேண்டு வாசிக்க, ஜனங்கள் அதே தரையில் நடனமாடுவார்கள். உரிமையாளர், வீரர்கள் எல்லோருமே கறுப்பினத்தவராக இருந்து, சம்பளம் கொடுத்து நடத்தப்பட்ட அணி அந்தக் காலத்தில் வேறொன்று இப்படி நிலைக்கவில்லை.

1925-ல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் தொடங்கியது. ரென்ஸுக்கு அதில் இடம் தரவில்லை. ஆகவே ஊர் ஊராகப் போய் ஆடித்தான் வயிறு வளர்க்க வேண்டியிருந்தது. பெருமந்தக் காலத்தில் அவர்கள் வாழ்க்கை பெரும்பாலும் பேருந்திலேயே கழிந்தது. பல ஊர்களில் ஓட்டலில் அறை கிடையாது, சாப்பாடும் கிடையாது. தங்க இடம் கிடைக்கும் ஊராகப் பார்த்து முகாம் போட்டு, அங்கிருந்து நெடுந்தூரம் போய் ஆடிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்புவார்கள். இதில் என்னை மிகவும் கவர்ந்தவர் அணியின் பயண மேலாளர் எரிக் இலிட்ஜ். ஒரு கையெண்ணியை வைத்துக்கொண்டு வாசலில் நுழைகிற தலைகளை எண்ணுவார், வசூல் கணக்கில் யாரும் ஏமாற்றக் கூடாதல்லவா? இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். பேசிய பணம் கைக்கு வராமல் வீரர்களைக் களத்தில் இறக்க மாட்டார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் 1932–33 பருவத்தில் 86 நாட்களில் தொடர்ச்சியாக 88 வெற்றி. சில நாட்களில் இரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும். மொத்த ஆட்டக்காரர்களே ஏழு பேர்! பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவதைவிட, கை மாற்றிக் கை மாற்றி எதிராளியைத் திணறடிப்பதுதான் அவர்கள் பாணி. பந்து தரையில் படாமலே கூடைக்குப் போய்விடும். வெற்றித் தொடரை முடித்துவைத்தது ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற வெள்ளையர் அணி. செல்டிக்ஸின் நெட்டை வீரர் ஜோ லேப்சிக்கும் ரென்ஸின் ‘டார்ஸன்’ கூப்பரும் களத்தில் ஜென்மப் பகையாளிகள்போல் மோதுவார்கள். ஆனாலும் தான் எதிர்த்து ஆடிய சென்டர்களிலேயே சிறந்தவர் கூப்பர்தான் என்று லேப்சிக் வெளிப்படையாகச் சொன்னார்.

88 வெற்றிகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் 1939 அதைவிடப் பெரிது. அந்த ஆண்டு சிகாகோவில் முதல் உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. வெள்ளையர் அணி, கறுப்பினத்தவர் அணி என்ற பாகுபாடு இல்லாமல் எல்லோரும் ஒரே கோப்பைக்கு ஆடினார்கள். ரென்ஸ் அரையிறுதியில் குளோப்டிராட்டர்ஸை 27–23 என்றும், இறுதி ஆட்டத்தில் நேஷனல் பாஸ்கெட்பால் லீகின் ஆஷ்காஷ் ஆல்–ஸ்டார்ஸை 34–25 என்றும் வென்றது. புள்ளிகள் குறைவாக இருக்கின்றனவே என்று உங்கள் மகள் கேட்கக்கூடும். 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-ல்தான் வந்தது. அதற்கு முன் முன்னிலையில் இருக்கும் அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம்.

வெற்றிக்குப் பிறகு வீரர்களுக்கு ஜாக்கெட் தந்தார்கள். முதுகில் ‘கறுப்பின உலக சாம்பியன்கள்’ என்று எழுதியிருந்தது. இளம் வீரர் ஜான் ஐசக்ஸ் ஒரு பிளேடை வாங்கி, அந்த முதல் சொல்லின் தையலைப் பிரித்தெடுத்துவிட்டார். நல்ல ஜாக்கெட்டைக் கெடுத்துவிட்டாயே என்றாராம் டக்ளஸ். இப்போதுதான் அது சரியாக இருக்கிறது என்பது ஐசக்ஸின் பதில்.

1948-ல் அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ் மைக்கனின் மினியாபொலிஸ் லேக்கர்ஸிடம் 75–71 என்று நூலிழையில் தோற்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் நேஷனல் பாஸ்கெட்பால் லீகில் டெட்ராய்ட் அணி பாதியில் கலைய, அந்த இடம் ரென்ஸுக்கு வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டெட்ராய்ட்டின் 17 தோல்விகளும் இவர்கள் கணக்கில் ஏறின. ஹார்லெமை விட்டு ஒஹையோவின் டேட்டன் நகரத்தில் ஆட வேண்டியதாயிற்று. அங்கே கூட்டம் சேரவில்லை. ‘பாப்’ கேட்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து முட்டிமோதிப் பார்த்தார். 1949-ல் அந்த லீகும் இன்னொரு லீகும் இணைந்து என்பிஏ உருவானபோது ஷிபாய்கன், வாட்டர்லூ போன்ற சிற்றூர்களின் அணிகளுக்குக்கூட இடம் கிடைத்தது. ரென்ஸுக்குக் கிடைக்கவில்லை. கால் நூற்றாண்டு அணி அத்தோடு கலைந்தது. திறமை தீர்ந்துபோய் மறைந்த அணி அல்ல இது, கதவடைக்கப்பட்ட அணி.

நீங்கள் குறிப்பிட்ட 1950-க்கும் ரென்ஸுக்கும் தொடர்பு உண்டு. அந்த ஆண்டு என்பிஏ-வுக்குள் நுழைந்த கறுப்பின வீரர்களில் ஒருவரான ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன் முன்னாள் ரென்ஸ் வீரர்தான். அவர் சேர்ந்த நியூயார்க் நிக்ஸின் பயிற்சியாளர், கூப்பரோடு மோதிய அதே லேப்சிக். 1932–33 அணி 1963-லும் டக்ளஸ் 1972-லும் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டனர். ரெனைசான்ஸ் கேசினோ கட்டடம் பல காலம் பாழடைந்து கிடந்து, 2015-ல் இடிக்கப்பட்டது. இந்த அணியைப் பற்றி கரீம் அப்துல்–ஜப்பார் உருவாக்கிய ‘ஆன் தி ஷோல்டர்ஸ் ஆஃப் ஜயண்ட்ஸ்’ என்ற ஆவணப்படம் 2011-ல் வந்தது. கிடைத்தால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.